‘நார்மல்’ என்று அச்சாகி வந்த 0.9

தென் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் விவரங்களை விட்டுவிட்டு சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டாவது பிள்ளை, மகன். வயது இரண்டு வருடம் நான்கு மாதம். கர்ப்பத்தின் ஏழாம் மாத ஸ்கேனில், “ரெண்டு கிட்னியிலும் லேசா நீர் கோத்திருக்கு, பிறந்தா சரியாயிடும்” என்று சொல்லியிருக்கிறார்கள். பிறந்தபின் மறுபடி ஸ்கேன் எடுக்க யாரும் சொல்லவில்லை. பையன் ஒண்ணுக்குப் போகும்போது முகம் சிவக்க முக்குகிறான். தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வருகிறது. டவுசர் எப்போதும் ஈரம். ஒன்றரை வருடத்தில் நான்கு முறை குளிர்காய்ச்சல். ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் மருந்து கொடுத்ததும் காய்ச்சல் விட்டிருக்கிறது, அத்தோடு மறந்துவிட்டார்கள். மாமியார் உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறார். பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கிறார். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் முன்தோல் இறுக்கம்தான், சுன்னத் செய்தால் போதும் என்றிருக்கிறார்.

போன மாதக் காய்ச்சலில்தான் முதன்முறையாக டியூப் வைத்து யூரின் கல்ச்சர் எடுத்திருக்கிறார்கள். கிருமி இருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் வீக்கம், மூத்திரப் பையின் சுவர் தடிப்பு. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 0.9, ‘நார்மல்’. எம்சியு என்ற எக்ஸ்ரே பரிசோதனை செய்யச் சொன்னார்கள். வேறொரு டாக்டர், வயிற்றில் துளை போட வேண்டியிருக்கலாம் என்றாராம். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார், சித்திரையில்தான் வருகிறார். “டியூப் சுலபமா உள்ளே போச்சு, அதனால அடைப்பு இருக்காதுன்னு நர்ஸ் சொன்னாங்க. ரத்தமும் நார்மல். சித்திரை வரை பொறுக்கலாமா? ஆபரேஷன் பண்ணினா முழுசா சரியாயிடுமா? நாளைக்கு அவனுக்கு ஒரு குடும்பம் அமையுமா?” என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: “மாசமா இருக்கும்போது நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் விவரித்திருப்பதெல்லாம் சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே அமைந்துவிடும் ஒரு சவ்வு அடைப்பைச் சுட்டுகின்றன. நாங்கள் பியுவி என்று சொல்வோம், பேச்சில் ‘வால்வு’ என்போம். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில், குழாய் உருவாகும்போதே நேர்ந்துவிடும் பிசகு இது. நீங்கள் சாப்பிட்ட பப்பாளியோ, தூக்கிய தண்ணீர்க் குடமோ, பார்த்த கிரகணமோ காரணமில்லை. ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. மூத்தவள் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஏழாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நீர் கோத்திருக்கிறது’ என்று மட்டும் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்பது 1994இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம். அதனால் ‘ஆண் குழந்தை, வால்வாக இருக்கலாம்’ என்று எவரும் எழுதித் தர முடியாது. ஆனால் இரண்டு சிறுநீரகத்திலும் நீர் கோத்திருந்தால் பிறந்த சில நாட்களுக்குள் மறு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது உங்கள் பிழையாகாது. பிறந்தால் சரியாகிவிடும் என்ற வார்த்தை பல குழந்தைகளின் விஷயத்தில் பலித்துவிடுகிறது என்பது உண்மை. பலிக்காத குழந்தைகள்தான் எங்களிடம் தாமதமாக வருகிறார்கள்.

டியூப் ஏன் சுலபமாகப் போனது?

கிணற்று மோட்டாரின் அடியில் ஃபுட் வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. உங்கள் மகனின் சவ்வும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. கீழிருந்து மேலே போகும் டியூப் சவ்வின் மடிப்புகளை ஒதுக்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலிருந்து மூத்திரம் இறங்கும்போது அதே மடிப்புகள் பாய்போல விரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஆகவே டியூப் போனதை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நர்ஸ் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

சாத்திய கதவை ஒருவன் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தால் தோள் தடித்துப் போகுமல்லவா, மூத்திரப் பைக்கும் அதுதான் நேர்கிறது. தசை தடிக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் மேலே உள்ள குழாய்களையும் சிறுநீரகங்களையும் ஊதிப் பெரிதாக்குகிறது. வடியாமல் தேங்கும் மூத்திரத்தில் கிருமி வளர்கிறது. நாலு குளிர்காய்ச்சலுக்கும் இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு.

கடிதத்தை வைத்து நான் முடிவாகச் சொல்லிவிடவில்லை. முதுகுத் தண்டின் நரம்புக் குறை, குறி நுனித் துவாரத்தின் சுருக்கம் ஆகியவற்றிலும் இதே போன்ற தொல்லை வரலாம். நேரில் பார்க்கும் மருத்துவர் குழந்தையின் முதுகையும் அடிவயிற்றையும் தடவிப் பார்ப்பார். அடிவயிற்றை உங்கள் மாமியாரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல பிள்ளைகளை வளர்த்த கை அது. பையன் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த உடனே, படுக்க வைத்துத் தொப்புளுக்குக் கீழே மெதுவாக அழுத்தினால், சின்ன ரப்பர் பந்து மாதிரி உருண்டையாகத் தட்டுப்பட்டால், பை காலியாகவில்லை என்று அர்த்தம். தட்டுப்படாவிட்டால் அதை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

அந்த 0.9 பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த எண்தான். லேப் தாளில் பக்கத்திலேயே ‘0.6 – 1.2’ என்று அச்சாகியிருக்கும். அது வளர்ந்த ஆளுக்கான அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எழுபது கிலோ ஆளுக்கு 0.9 இருந்தால் கவலையில்லை. உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கு 0.2 முதல் 0.4 வரைதான் இருக்க வேண்டும்.

சிறுநீரகங்கள் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகின்றன என்று மதிப்பிட ஒரு சின்னக் கணக்கு உண்டு. குழந்தையின் உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, 0.413 ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். உயரம் 84 என்று எழுதியிருக்கிறீர்கள். விடை 38க்குச் சற்று மேலே வருகிறது. இந்த வயதில் 90க்கு மேல் இருக்க வேண்டிய எண் இது. அதாவது இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கின்றன. ரத்தம் எடுத்தது காய்ச்சலும் கிருமியும் இருந்த நேரத்தில், ஆகவே ஒரு பகுதி தற்காலிகமானதாக இருக்கலாம், அடைப்பு நீங்கியதும் இறங்கலாம். எவ்வளவு இறங்கும் என்பது அடைப்பை நீக்கிய பிறகே தெரியும். அவன் எடை 9.8 கிலோ என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். இந்த வயதில் சராசரி 13 கிலோவை ஒட்டி இருக்கும். சரியாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். மூத்திரத்தைக் கெட்டியாக்கும் சக்தி சிறுநீரகத்துக்குக் குறையும்போது நீர் நிறைய வெளியே போகும், தாகமும் ஏறும். அவன் கேட்கும் தண்ணீரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பார்லித் தண்ணீர் கெடுதல் செய்யாது. நெருஞ்சில் கஷாயத்தை நிறுத்திவிடுங்கள். மூத்திரம் பெருக வேண்டும் என்று கொடுப்பது அது. வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே வெள்ளத்தை ஏற்றுவதில் பயனில்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அளவு தெரியும் வரை வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் சிறுநீரகத்தை மேலும் வாட்டும். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதைப் பற்றி மாமியாரோடு சண்டை போடாதீர்கள், அதனால் ஒரு தீங்கும் இல்லை. சவ்வு கரைவதற்கு அலோபதியிலும் மருந்தில்லை, சித்தாவிலும் இல்லை என்பதை மட்டும் அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எம்சியு: பயப்பட எவ்வளவு இருக்கிறது?

இந்த நோயை உறுதிப்படுத்த இன்றும் இதுதான் முதன்மையான பரிசோதனை. மரத்துப்போகும் ஜெல்லி தடவி, மெல்லிய டியூப் வழியாக மூத்திரப் பையில் சாய மருந்தை நிரப்புவார்கள். பிள்ளை ஒண்ணுக்குப் போகும்போது பக்கவாட்டில் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். ‘போகும்போது’ எடுக்கும் படம்தான் முக்கியம், அதில்தான் சவ்வுக்கு மேலே குழாய் உப்பி, கீழே சட்டென்று ஒடுங்குவது தெரியும். மூத்திரம் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பி ஏறுகிறதா என்பதும் தெரியும். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி ஏறுவதுண்டு.

அழுவான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தமே அரை மணி நேரம்தான். கதிர்வீச்சின் அளவு குறைவு, தள்ளிப்போடுவதால் வரும் கேட்டுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. இரண்டை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: பழைய கிருமி முழுதும் அடங்கியிருக்க வேண்டும், பரிசோதனையை ஒட்டி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். ஈய உடுப்பு அணிந்துகொண்டு நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். அவனுக்குப் பிடித்த பொம்மை, போனில் ஒரு பாட்டு, உங்கள் கை, இவை இருந்தால் மயக்க மருந்தே வேண்டாம்.

சிகிச்சை எந்த வரிசையில் நடக்கும்

முதலில் படுக்கையில் சேர்த்து, பலூன் இல்லாத மெல்லிய டியூப் வைத்துச் சில நாட்கள் மூத்திரத்தைத் தாராளமாக வடிய விடுவார்கள். அடைப்பு விட்ட வேகத்தில் சில பிள்ளைகளுக்கு மூத்திரம் மிக அதிகமாகப் போகும், உப்புச் சத்துகளும் கூடவே போகும். அதனால்தான் இதை வீட்டிலிருந்தபடி செய்ய முடியாது. கிரியாட்டினின் இறங்கி ஓர் இடத்தில் நின்றதும் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, பென்சிலை விட மெல்லிய கருவியைக் குறியின் துவாரம் வழியாகவே செலுத்தி, கேமராவில் பார்த்தபடி சவ்வை வெட்டியோ சுட்டோ விடுவார்கள். வெளியே வெட்டு, தையல் எதுவும் இருக்காது. 1919ஆம் ஆண்டில் ஹியூ ஹாம்டன் யங் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயை வகைப்படுத்தி எழுதிய காலத்தில் இவ்வளவு சிறிய கருவி கிடையாது.

ஆபத்துகள் உண்டா? உண்டு. சவ்வில் மிச்சம் தங்கிவிடலாம், அதற்காக மூன்று மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்ப்பதோ எம்சியு எடுப்பதோ வழக்கம். அதை ‘முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்று எண்ண வேண்டாம். சிலருக்குப் பின்னாளில் குழாயில் தழும்பு விழுந்து சுருங்கலாம், கைதேர்ந்தவர் செய்யும்போது அது குறைவு.

வயிற்றில் துளை என்று சொன்னது, மூத்திரப் பையை அடிவயிற்றில் திறந்துவிட்டு டயப்பரில் வடிய விடுவது. குறைமாதத்தில் பிறந்த, கருவி நுழைய முடியாத அளவு சின்னக் குழந்தைகளுக்கும், டியூப் வைத்தும் கிரியாட்டினின் இறங்காத சிலருக்கும் அதைச் செய்கிறோம். பின்னால் மூடிவிடலாம். உங்கள் மகனின் வயதில் பெரும்பாலும் நேரடியாகச் சவ்வையே அகற்ற முடியும். அந்த டாக்டர் உங்கள் பிள்ளையிடம் என்ன பார்த்துச் சொன்னார் என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இனி முன்தோல். இரண்டு வயதில் முன்தோல் பின்னுக்குப் போகாமல் இருப்பது இயற்கை. அதுவே நோய் என்று சுன்னத் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உள்ளே வால்வு அப்படியே இருக்கும், ஒரு வருடம் வீணாகும். ஆனால் வால்வு ஆபரேஷனோடு சேர்த்து முன்தோலையும் அகற்றலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்றில் ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்த பையன்களில் 20 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுக்குள் காய்ச்சலோடு கிருமித் தொற்று வந்தது. முன்தோலும் அகற்றியவர்களில் 3 சதவீதம்தான். ‘நம்ம வழக்கத்துல இல்லையே’ என்று வீட்டில் சொல்வார்கள். இதில் மதம் எதுவுமில்லை, சிறுநீரகம் மட்டும்தான் இருக்கிறது.

முழுசா சரியாயிடுமா?

அடைப்பு சரியாகும். இத்தனை நாள் அடைப்போடு போராடிய மூத்திரப் பையும் சிறுநீரகமும் அதே நாளில் சரியாகாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடம் முன்பு ஒன்பது வயதுப் பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது வேறெங்கோ வால்வு ஆபரேஷன் நடந்திருந்தது. தாரை நன்றாக வந்ததும் வீட்டார் போவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் பகலிலேயே டவுசர் நனைகிறது, சோம்பேறித்தனம் என்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். வகுப்பில் தண்ணீர் பாட்டிலைத் தொடவே மாட்டானாம். ஸ்கேனில் பை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது, கிரியாட்டினின் 2க்கு மேல். அவன் நனைத்தது நோயால். தண்ணீர் குடிக்காமல் இருந்தது அடிக்குப் பயந்து.

உங்கள் மகனுக்கு அப்படி நேர வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் பின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், வளர்ந்து வாலிபம் தாண்டும் வரை, உயரம், எடை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், மூத்திரத்தில் புரதம், ஸ்கேன் பார்க்க வேண்டும். வாலிபம் என்று சொல்லக் காரணம், உடம்பு திடீரென்று வளரும் வயதில்தான் தளர்ந்த சிறுநீரகம் தாங்க முடியாமல் கைவிடும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படுகிறது. மற்ற மூவருக்குத் தேவைப்படுவதில்லை. அந்த மூவரில் ஒருவனாக அவனை வைக்க நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்து ஒண்ணுக்கு விடுங்கள். போய் முடித்ததும் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை போகச் சொல்லுங்கள், மிச்சம் வடியும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிரம்பிய குடல் மூத்திரப் பையை நெருக்கும். பையின் இறுக்கம் தளர ஆக்சிபியூட்டினின் என்ற மருந்து சிலருக்குத் தேவைப்படும். இத்தனைக்கும் பிறகு பை காலியாகாவிட்டால் வீட்டிலேயே ஒரு நாளைக்குச் சில முறை சின்ன டியூப் வைத்து வடிக்கக் கற்றுக் கொடுப்பார்கள். கேட்கும்போது நெஞ்சு பதறும். பத்து வயதுப் பையன்கள் பள்ளிக் கழிவறையில் தாங்களே செய்துகொண்டு விளையாடப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

குடும்பம் அமையுமா என்ற கேள்விக்கு: பெரும்பாலானவர்கள் திருமணம் செய்து தகப்பன் ஆகிறார்கள். சிலருக்குத் தாமதமோ சிக்கலோ வரலாம், அதற்கும் அப்போது வழி இருக்கும். அது இருபத்தைந்து வருடத்துக்குப் பிந்தைய கேள்வி. இன்றைய கேள்வி சிறுநீரகம்.

சித்திரை வரை?

வேண்டாம். மாதக்கணக்கில் காக்க வைக்கும் நிலை இதல்ல, இந்த வாரமே புறப்படுங்கள். கணவர் வர முடியாததால் கையெழுத்துப் போட ஆளில்லையே என்று தயங்கியிருக்கிறீர்கள். தாயின் கையெழுத்தே போதும். அவரிடம் வீடியோ காலில் மருத்துவரையே பேச வையுங்கள், அவருக்கும் மனம் ஆறும்.

குழந்தைகள் அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் இருக்கிறது. இன்னும் தூரம் போக முடிந்தால் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கேளுங்கள். அதற்கு மேல் இருந்தாலும் அரசு மருத்துவமனையின் கதவு திறந்தேதான் இருக்கிறது.

இதற்குள் காய்ச்சல் 100.4க்கு மேல் போனாலோ, வாந்தி எடுத்துத் துவண்டாலோ, எட்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாமல் அடிவயிறு உப்பினாலோ, அன்றே, இரவானாலும், சேர்த்துவிடுங்கள். ‘மூத்திரத்தில் அடைப்பு இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பழைய மருத்துவமனையில் உள்ள ஸ்கேன், கல்ச்சர், ரத்த ரிப்போர்ட் அனைத்துக்கும் நகல் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்கு விதி. ஏழாம் மாத ஸ்கேன் தாளையும் தேடி எடுங்கள், அதற்கு இப்போது மதிப்பு அதிகம். இன்னொன்று: நாளைக் காலை அவன் எழுந்ததும் முதல் ஒண்ணுக்குப் போவதை, முகம் தெரியாமல், உங்கள் போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பயந்துபோய் அவன் போகவே மாட்டான். அந்த ஒரு நிமிடத் தாரை, நீங்கள் நான்கு பக்கத்தில் எழுதியதை டாக்டருக்குச் சொல்லிவிடும். டாக்டர் பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

எம்சியு முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.